பழைய இணையதளத்தை வாங்கி, சரிசெய்து விற்றால் லாபம் வருமா? ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு கணக்கு

புரட்டாசி சனிக்கிழமை. மதுரையிலிருந்து ஒரு குடும்பம் நவதிருப்பதி தரிசனத்துக்குக் காரில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி. எட்டு ஊர், ஒன்பது கோயில். எதை முதலில் பார்ப்பது, எங்கே எப்போது நடை சாத்துவார்கள் என்பதை போனில் தேடி, முதலில் வந்த இணையதளத்தை நம்பி வருகிறார்கள். ஒரு கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா சொல்கிறார்: “நடை சாத்தி பத்து நிமிஷம் ஆச்சு அண்ணாச்சி, இனி சாயங்காலந்தான்.”

“போனுல வேற மாதிரில போட்டிருந்துச்சு!”

அந்தப் பக்கத்தை யாரோ பல வருடங்களுக்கு முன் எழுதிப் போட்டிருப்பார்கள். அதன்பிறகு தொட்டுப் பார்க்க ஆளில்லை. ஆனாலும் கூகுள் தேடலில் அது இன்னும் முன்னால் வருகிறது. தினமும் சில நூறு பேர் படிக்கிறார்கள். உரிமையாளருக்கு மாதம் ஏதோ சில்லறை வருகிறது, அல்லது அதுவும் வருவதில்லை.

இப்படிப் பராமரிப்பில்லாமல் கிடக்கும் இணையதளங்களைத் தேடிப் பிடித்து, விலைக்கு வாங்கி, சரிசெய்து, அதிக விலைக்கு விற்பது உலகம் முழுக்க நடக்கும் ஒரு தொழில். ‘வெப்சைட் ஃப்ளிப்பிங்’ என்பது அதன் பெயர். “வீட்டிலிருந்தே மாதம் லட்சம்” என்ற விளம்பரங்களில் இந்தப் பெயரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உண்மையில் இது எப்படி நடக்கிறது? காசு எங்கே வருகிறது, எங்கே போகிறது?

சந்தையில் மாடு வாங்கும் கதைதான்

மேலப்பாளையம் சந்தையில் மெலிந்த மாட்டை வாங்கி, தீனி போட்டுத் தேற்றி, சில மாதம் கழித்து விற்பவர்கள் உண்டு. அதில் லாபம் வருவதற்கு ஒரே காரணம், வாங்குபவரின் கண். மாடு தீனி இல்லாமல் மெலிந்ததா, நோயால் மெலிந்ததா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். முதலாவது லாபம். இரண்டாவது நஷ்டம்.

இணையதளத்திலும் அதே கேள்விதான். நல்ல விஷயம் இருந்தும் கவனிப்பு இல்லாமல் சரிந்த தளமா? அல்லது போலிப் பார்வையாளர், திருட்டுக் கட்டுரை, கூகுளின் தண்டனை என்று உள்ளுக்குள் நோய் பிடித்த தளமா? இதைக் கண்டுபிடிப்பதில்தான் தொழிலின் பாதி இருக்கிறது.

வாங்கல் விற்றலுக்கென்றே சந்தைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2009இல் தொடங்கிய ‘ஃப்ளிப்பா’ அவற்றில் பரவலாகத் தெரிந்தது. விற்பவர் தன் தளத்தின் வருமானம், பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவற்றைப் போட்டுப் பட்டியலிடுவார். வாங்குபவர்கள் ஏலம் கேட்பார்கள், அல்லது பேரம் பேசுவார்கள். பெரிய தளங்களுக்குத் தரகு நிறுவனங்களும் இருக்கின்றன.

499 கோடி ரூபாய்க்குப் போன இணையதளங்கள்

இணையதளம் விலை போகும் என்பதை இந்தியா பெரிய அளவில் பார்த்தது 1999இல். வாங்கியது சென்னை நிறுவனம்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, அதாவது இன்றைய சிஃபி, 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. அடுத்த மாதமே, ராஜேஷ் ஜெயின் நடத்திவந்த இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. செய்திகளுக்கு ‘சமாச்சார்’, சமையலுக்கு ‘பவார்ச்சி’, தேடலுக்கு ‘கோஜ்’, கிரிக்கெட்டுக்கு ‘கேல்’ என்று பல தளங்கள் அதில் அடக்கம்.

அன்றைக்கு அந்தத் தளங்கள் சம்பாதித்துக்கொண்டிருந்த தொகைக்கும் இந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை. நாளை இத்தனை பேர் படிப்பார்கள் என்ற எதிர்பார்ப்புக்குக் கொடுத்த விலை அது. 2000 மார்ச்சுக்குப் பிறகு நாஸ்டாக் சரிந்தது. டாட்காம் நிறுவனங்களின் மதிப்பு உலகெங்கும் கரைந்தது. விற்றவருக்கு அது மிகச் சரியான நேரம். வாங்கியவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு தளம் வாங்க நினைப்பவருக்கும் அந்தப் பாடம் பொருந்தும். எதிர்பார்ப்புக்கு விலை கொடுக்காதீர்கள். இன்று கையில் வரும் வருமானத்துக்கு மட்டும் விலை கொடுங்கள்.

விலையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

சூத்திரம் எளிது. தளத்தின் மாத நிகர லாபத்தை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண் பெரும்பாலும் 20 முதல் 40 வரை இருக்கும். தளத்தின் வயது, வருமானம் நிலையாக இருக்கிறதா, ஒரே வழியில் வருகிறதா, பல வழியில் வருகிறதா என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். சிறிய, நிச்சயமில்லாத தளங்களுக்கு இன்னும் குறைவாகவும் போகும்.

இதில் லாபம் வரும் வழி இரண்டு. மாத லாபம் கூட வேண்டும். அந்தப் பெருக்கும் எண்ணும் கூட வேண்டும். இரண்டும் சேர்ந்து கூடினால் நல்ல லாபம். இரண்டும் சேர்ந்து விழுந்தால் போட்ட முதலில் பெரும்பகுதி போய்விடும்.

நவதிருப்பதி பற்றிய ஒரு பழைய தமிழ்த் தளத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் எல்லாம் கணக்குப் புரிவதற்கான அனுமானங்கள்.

தளத்துக்கு மாதம் 40,000 பக்கப் பார்வைகள். ஆயிரம் பார்வைக்கு விளம்பர வருமானம் 60 ரூபாய் என்றால் மாதம் 2,400 ரூபாய். சர்வர் வாடகை, பெயர்ப் பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 500 ரூபாய் போனால் மிச்சம் 1,900. இதை 24 ஆல் பெருக்கினால் 45,600 ரூபாய். இதுதான் வாங்கும் விலை.

ஒரு வருடம் உழைக்கிறீர்கள். தொழில்நுட்ப வேலைக்கு 25,000 ரூபாய். ஒன்பது கோயிலுக்கும் நேரில் போய் விவரம் திரட்டிப் படம் எடுத்துவர 12,000 ரூபாய். பார்வை மாதம் ஒரு லட்சமாக உயர்கிறது. விளம்பரத்தில் 6,000 ரூபாய் வருகிறது. திருநெல்வேலி வாடகைக் கார்க்காரர்களின் நேரடி விளம்பரத்தில் 3,000 ரூபாய். செலவு 1,000 போக மாதம் 8,000 ரூபாய் மிச்சம். தளம் நன்றாக இருப்பதால் பெருக்கும் எண் 28 ஆகிறது. விற்கும் விலை 2,24,000 ரூபாய். நடுவில் அந்த ஒரு வருடத்தில் சராசரியாக மாதம் 4,000 வீதம் 48,000 ரூபாய் வந்திருக்கும்.

மொத்த வரவு 2,72,000. வாங்கிய விலை, வேலைச் செலவு, பயணம், சந்தைக்கான 10 சதவீதக் கமிஷன் 22,400 எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 1,05,000. லாபம் 1,67,000 ரூபாய்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வருடத்தில் 400 மணி நேரம் இதற்காக உட்கார்ந்திருப்பீர்கள். மணிக்கு 417 ரூபாய். வரி இதற்குப் பிறகு. ஒழுங்காக நடந்தால் இது நியாயமான கூலி. லாட்டரி இல்லை.

ஒழுங்காக நடக்காவிட்டால்? கூகுளில் தளம் பின்னுக்குப் போய், பார்வை 20,000 ஆகச் சரிந்தால் மாத லாபம் 700 ரூபாய்தான். இருபதால் பெருக்கினால் 14,000. வருடத்தில் வந்த ஒரு 15,000 ரூபாயையும் சேர்த்து, கமிஷனைக் கழித்தால் கையிலிருந்து போவது 55,000 ரூபாய். அந்த 400 மணி நேரமும் போனது போனதுதான்.

மார்கழிக் கணக்கில் ஏமாறாதீர்கள்

விற்பவர்கள் பொய் சொல்லாமலே ஏமாற்றும் ஒரு வழி உண்டு. நல்ல மாதத்தின் கணக்கைக் காட்டுவது.

கோயில் தளங்களுக்கு வருடம் முழுக்க ஒரே கூட்டம் இருக்காது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து நவதிருப்பதிக்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்துகள் விடுகிறது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. ஆழ்வார்திருநகரியில் அரையர் சேவை. வைகாசி விசாகம் நம்மாழ்வாரின் திருநட்சத்திரம். அப்போது நடக்கும் ஒன்பது கருட சேவைக்கு வெளியூர்க் கூட்டம் திரளும். தேடலும் அந்த நாட்களில்தான் எகிறும்.

மார்கழியில் 90,000 பார்வை வந்ததை மட்டும் காட்டினால், மேலே சொன்ன அதே கணக்கில் தளத்தின் விலை 1,17,600 ரூபாய் ஆகிவிடும். வருடச் சராசரிப்படி அதன் விலை 45,600தான். அதனால் குறைந்தது 12 மாதக் கணக்கைக் கேளுங்கள். 24 மாதம் கிடைத்தால் இன்னும் நல்லது. தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, ஐபிஎல், தீபாவளிச் சலுகை பற்றிய தளங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

படமாக அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே கூடாது. அதை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

1. கூகுள் அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் இரண்டிலும் பார்க்கும் அனுமதியை உங்கள் மின்னஞ்சலுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பார்வையாளர் எந்த ஊரிலிருந்து, எந்தத் தேடலில் வருகிறார்கள் என்று தெரியும். நவதிருப்பதி பற்றிய தமிழ்த் தளத்துக்குப் பாதிப் பேர் சம்பந்தமில்லாத ஒரு வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு விநாடியில் போய்விடுகிறார்கள் என்றால், அது மனிதக் கூட்டம் இல்லை.

2. வருமானக் கணக்கை வீடியோ அழைப்பில், விற்பவர் உங்கள் கண் முன்னால் திறந்து காட்ட வேண்டும். வங்கியில் வந்த தொகையோடு ஒப்பிடுங்கள்.

3. இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ பகுதியில் தளத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். நேற்றுவரை கோயில் தளமாக இருந்தது, அதற்கு முன் சூதாட்டத் தளமாக இருந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

4. கட்டுரைகளும் படங்களும் யாருடையவை? புத்தகத்திலிருந்து அப்படியே தட்டியதா, இன்னொரு தளத்திலிருந்து எடுத்ததா? வாங்கிய பிறகு காப்புரிமைச் சிக்கல் உங்கள் தலையில் விழும்.

5. சர்ச் கன்சோலில் கூகுள் கைப்பட விதித்த நடவடிக்கை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கென்று தனிப் பகுதியே இருக்கிறது.

6. விற்பவர் ஏன் விற்கிறார்? “நேரமில்லை” என்பது நியாயமான பதில். ஆனால் கடைசி மூன்று மாத வரைபடம் இறங்குமுகமாக இருந்தால் உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கூகுள் ஆட்சென்ஸ் கணக்கைத் தளத்தோடு சேர்த்து விற்க முடியாது. உங்கள் சொந்தக் கணக்கில் தளத்தைச் சேர்த்துப் புதிதாக அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால், விளம்பர வருமானம் என்று நீங்கள் போட்ட கணக்கே விழுந்துவிடும்.

தமிழ்த் தளங்களில் மட்டும் இருக்கும் வாய்ப்பு

ஆங்கிலத் தளங்களை வாங்கப் போட்டி அதிகம். தமிழில் குறைவு. அதற்குக் காரணங்கள் உண்டு.

ஒன்று, பணம். ஆட்சென்ஸ் தமிழ் மொழியை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் தமிழில் எழுதியவர்கள் பலருக்கு விளம்பர வருமானம் என்பதே கிடையாது. ஆர்வத்தில் தொடங்கி, அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அப்படி விட்டதில் நல்ல சரக்கு நிறைய உண்டு. ஊர் வரலாறு, கைவைத்தியம், சமையல், கோயில், வேளாண்மை என்று அனுபவப்பட்டவர்கள் எழுதியவை.

இரண்டு, எழுத்துரு. 2000களின் தொடக்கத்துத் தமிழ்த் தளங்கள் பல தகுதரம், பாமினி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் இருந்தன. அந்த எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் புரியாத குறிகள்தான் திரையில் வரும். தேடுபொறிக்கும் அது தமிழ் என்று தெரியாது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணையிட்டது. ஆனால் தனிநபர் தளங்கள் பல மாறவே இல்லை. அப்படிப்பட்ட தளத்தை யூனிகோடுக்கு மாற்றினாலே, இதுவரை கூகுளின் கண்ணில் படாத கட்டுரைகள் தேடலுக்கு வரும். மாற்றித்தர இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒவ்வொரு பக்கத்தையும் மனிதர் ஒருவர் படித்துத் திருத்த வேண்டும்.

மூன்றாவது விஷயம் எதிர்ப்பக்கம். தமிழ் விளம்பரங்களுக்குக் கிடைக்கும் விலை, அமெரிக்க வாசகர் படிக்கும் ஆங்கிலப் பக்கத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அங்கே பார்த்த வீடியோவின் கணக்கை இங்கே போட்டால் ஒத்துவராது.

சரிசெய்வது என்றால் என்ன?

நிறம் மாற்றுவது, லோகோ மாற்றுவது இல்லை.

முதலில் வேகம். கிராமத்துச் சாலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் போனில் பக்கம் திறக்க வேண்டும். முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பெரிய படங்களைச் சுருக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, தேடலைப் பார்ப்பது. மக்கள் எதைத் தேடும்போது இந்தத் தளம் முதல் பக்கத்தின் கடைசியிலோ, இரண்டாம் பக்கத்திலோ வருகிறது என்பதை சர்ச் கன்சோல் காட்டும். அந்தப் பக்கங்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆழ்வார்திருநகரி என்ற பெயரையே சேர்த்து, பிரித்து, ‘திருநகரி’ என்று சுருக்கி, பழைய பெயரான குருகூர் என்று பல விதமாகத் தேடுகிறார்கள். பெரும்பாலானோர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். இத்தனை பேருக்கும் பதில் சொல்வதாகப் பக்கம் இருக்க வேண்டும்.

கடைசி வேலைதான் முக்கியமானது. விவரத்தைச் சரிபார்ப்பது. இதை வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது. ஒன்பது கோயிலுக்கும் போய், அங்கே எழுதி வைத்திருக்கும் நேரத்தைப் பார்த்து, கோயில் அலுவலகத்தில் கேட்டு, “இந்தத் தகவல் இந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது” என்று போட வேண்டும். திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் ஆழ்வார்திருநகரியில் நிற்கும் நேரம், நிலையத்திலிருந்து கோயிலுக்கு எப்படிப் போவது, வயதானவர்கள் ஏற வேண்டிய படிகள் எத்தனை, சாப்பாடு எங்கே. தேடி வருபவருக்கு வேண்டியது இவைதான்.

2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெருமழை. தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தண்டவாளம் அரித்துப்போனதால் அந்தப் பாதையில் சில வாரங்களுக்கு ரயில் ஓடவில்லை. அந்த 23ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. வரலாமா, வழி திறந்திருக்கிறதா என்று வெளியூரில் இருப்பவர் தேடும்போது, “தினமும் ரயில் வசதி உண்டு” என்று பழைய பல்லவியைப் பாடும் தளத்தால் யாருக்கு என்ன பயன்? அன்று காலை நிலவரத்தை நாலு வரியில் எழுதும் தளம் இருந்தால், அதை அடுத்த வருடமும் தேடி வருவார்கள்.

கூகுள் கையில் இருக்கும் குடுமி

இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து, தளம் உங்களுடையதாக இருந்தாலும் வாசகர் வரும் பாதை உங்களுடையது இல்லை என்பது.

2023 செப்டம்பரில் கூகுள் தன் தேடல் முறையில் செய்த மாற்றத்தில் உலகெங்கும் சிறிய தளங்கள் பல, பார்வையாளர்களில் பெரும்பகுதியை இழந்தன. தேடுபொறிக்காகவே எழுதிக் குவித்த தளங்களைக் குறைப்பது நோக்கம் என்றது கூகுள். நேர்மையாக எழுதிய சிலரும் அதில் அடிபட்டதாகப் புகார்கள் எழுந்தன. 2024 மார்ச்சில் இன்னும் கடுமையான விதிகள் வந்தன. காலாவதியான பெயரை வாங்கி, அதன் பழைய மதிப்பை வைத்துத் தரமற்ற சரக்கைத் தள்ளுவது அதில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டது. முன்பு தொடக்கப்பள்ளியின் தளமாக இருந்த பெயரில் சூதாட்டக் கட்டுரைகள் போடுவதைக் கூகுளே உதாரணமாகச் சொல்கிறது. ஏஐ கருவியால் நூற்றுக்கணக்கில் கட்டுரைகளைத் தயாரித்துக் கொட்டுவதும் அதே பட்டியலில் வருகிறது.

2024 ஆகஸ்டில் தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ சுருக்கம் தரும் வசதி இந்தியாவுக்கு வந்தது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் தளத்துக்குள் வர வேண்டிய தேவை குறைகிறது. எங்கும் கிடைக்கும் தகவலை மட்டும் வைத்திருக்கும் தளத்துக்கு மதிப்பு இறங்குகிறது. நேரில் போய்த் திரட்டிய, வேறெங்கும் இல்லாத தகவலுக்கு ஓரளவு பிடிமானம் இருக்கிறது.

பெயர், பணம், சட்டம்

பெயர் விஷயத்தில் இந்தியாவின் முக்கியமான தீர்ப்பு, மேலே பார்த்த அதே சென்னை நிறுவனத்தின் வழக்கில் வந்தது. ‘சிஃபி’ என்ற பெயரில் தொடங்கும் பல இணைய முகவரிகளை சத்யம் இன்ஃபோவே வைத்திருந்தது. அதே ஓசையில் ‘சிஃபிநெட்’ என்ற முகவரியை இன்னொரு நிறுவனம் பதிவு செய்தது. கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் உறுதி செய்தது. இணைய முகவரியும் வணிகப் பெயரைப் போலவே வாடிக்கையாளர் ஒருவரை அடையாளம் காண உதவுகிறது, அதனால் அதற்கும் பாதுகாப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே பிரபல நிறுவனத்தின் பெயரை ஓர் எழுத்து மாற்றி வைத்திருக்கும் தளம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

கோயில் தளமென்றால் இன்னும் கவனம் தேவை. தேவஸ்தானத்தின் தளம் போலத் தோற்றம் காட்டி, தரிசனச் சீட்டு, தங்கும் அறை என்று பணம் வாங்குவது மோசடிக் குற்றம். திருப்பதி தேவஸ்தானம் போலித் தளங்கள் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. “இது அதிகாரபூர்வத் தளம் அல்ல” என்று மேலேயே எழுதிவிடுவது நல்லது.

பணம் கைமாறும்போது எஸ்க்ரோ முறையைப் பயன்படுத்துங்கள். உங்கள் பணம் மூன்றாவது நிறுவனம் ஒன்றிடம் இருக்கும். பெயர், கோப்புகள், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் உங்கள் கைக்கு வந்ததை நீங்கள் உறுதி செய்த பிறகே விற்பவருக்குப் போகும். அண்மையில் கைமாறிய டாட் காம் பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக 60 நாள் வரை தடை இருக்கலாம். அதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியல் இருந்தால், அது அவர்கள் எந்தத் தேவைக்குச் சம்மதித்துக் கொடுத்தது என்று பாருங்கள். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சம்மதத்தைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. லாபத்துக்கு வருமான வரி உண்டு. அது வியாபார வருமானமா, மூலதன ஆதாயமா என்பது நீங்கள் எத்தனை முறை, எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் தளம் வாங்கும்போதே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

யாருக்கு விற்கிறீர்கள்?

விற்பவர்கள் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வி இது.

அமெரிக்காவில் ‘தி ஹேர்பின்’ என்று பெண்களுக்கான ஒரு தளம் இருந்தது. 2010இல் தொடங்கி, நல்ல எழுத்தாளர்கள் பலரை வளர்த்து, 2018இல் நின்றது. பெயர் காலாவதியானதும் செர்பியாவைச் சேர்ந்த ஒருவர் வாங்கி, ஏஐ எழுதிய கட்டுரைகளால் நிரப்பினார். 2024 தொடக்கத்தில் செய்தி வெளியானபோதுதான் பழைய வாசகர்கள் பலருக்கு விஷயம் தெரிந்தது. அதே வருடம் ஆப்பிள் நிறுவனச் செய்திகளுக்கென இருந்த இன்னொரு பழைய தளமும் இப்படிக் கைமாறியது. அங்கே வேலை பார்த்தவர்களின் பெயர்களிலேயே, அவர்கள் எழுதாத கட்டுரைகள் வந்தன.

நம் நவதிருப்பதித் தளத்துக்கும் இது நடக்கலாம். ஒரு வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி நீங்கள் சேர்த்த நம்பிக்கையை, அதிக விலை கேட்கும் ஒருவர் சூதாட்டச் செயலி விளம்பரத்துக்காக வாங்கலாம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் மத்தியச் சட்டம் தடை செய்த பிறகும் அப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு இடம் தேடுபவர்கள் இருக்கிறார்கள். விற்கும் ஒப்பந்தத்தில், இன்ன துறைக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது, பழைய எழுத்தாளர்களின் பெயரில் புதிய கட்டுரை வரக்கூடாது என்று நிபந்தனை போடலாம். கொஞ்சம் விலை குறையலாம். உங்கள் பெயர் கெடாது.

அப்படியென்றால், இறங்கலாமா?

உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு துறை இருந்தால், வாரத்தில் எட்டு மணி நேரம் ஒரு வருடத்துக்கு ஒதுக்க முடிந்தால், போட்ட முதல் முழுசாகப் போனாலும் வீட்டு வாடகைக்குக் கை நடுங்காது என்றால், சிறியதாக ஒன்றை முயன்று பார்க்கலாம். கடன் வாங்கி வேண்டாம். “மாதம் லட்சம் சம்பாதிக்கக் கற்றுத்தருகிறோம்” என்ற வகுப்புக்கு முப்பதாயிரம் கட்டுவதற்குப் பதில், அந்தப் பணத்தில் ஒரு சிறு தளத்தையே வாங்கினால் அதிகம் கற்கலாம்.

ஊரில் இருப்பவருக்கு இதில் ஒரு கூடுதல் பலம் உண்டு. ஆழ்வார்திருநகரி கோயில் நேரத்தைச் சரிபார்க்க பெங்களூரில் இருப்பவர் ஒரு நாள் செலவழிக்க வேண்டும். அக்ரஹாரத்தில் இருப்பவர் மாலையில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அடுத்த புரட்டாசியில் மதுரையிலிருந்து வரும் குடும்பம் நடை சாத்தும் முன் உள்ளே போய்விட்டால், அந்தத் தளத்தின் விலை ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.